பிராக்டிகலில் முதல் மார்க்

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய போட்டோவைப் போட்டிருந்தீர்கள். பிளஸ் டூ நர்சிங் குரூப். எல்லாரும் வெள்ளைக் கோட்டில். பின்னால் மூடுபனி, நடுவில் டீச்சர், பெண்கள் நாற்காலியில், பையன்கள் பின்வரிசையில். என் கையில் மட்டும் ஒரு எவர்சில்வர் தட்டு. அதற்குக் கீழே நம்மில் ஒருவர், “நம்ம கத்தி! பிராக்டிகல்ல ஸ்கூல் ஃபர்ஸ்ட்டு!” என்று எழுதியிருந்தார். கைதட்டும் படங்களாக வந்து விழுந்தன. நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

கோபமெல்லாம் இல்லை. ஆளுக்கொரு மாத்திரை டப்பாவோடு அலைகிற வயதில் யாரோடு என்ன கோபம். உங்களில் பலர் பேரன் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்துதான் குழுவையே திறக்கிறீர்கள். நானும் அய்யம்பாளையத்தில் மகள் வீட்டில் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறவன்தான். ஆனாலும் அந்த மார்க்கைப் பற்றி யாராவது பேசினால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிவிடுகிறது. அந்த மார்க் எதற்காக வந்தது என்று உங்களுக்குத் தெரியும். என் அப்பாவுக்கு அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று தெரியாது. அதைச் சொல்கிறேன்.

அப்பா பழனி முடிக்கொட்டகையில் மொட்டை போடுகிறவர். உங்களில் பாதிப் பேர் அந்தக் கொட்டகையைப் பார்த்திருப்பீர்கள். எந்நேரமும் ஈரமாக இருக்கும் கல்தரை, காலில் ஒட்டும் முடி, அரைத்த சந்தன வாசம், வீறிட்டு அழும் பிள்ளைகள். அப்பா தன் முன்னால் வந்து உட்காருகிற எல்லாரையும் சாமி என்றுதான் சொல்வார், கைக்குழந்தையாக இருந்தாலும். தலையை நனைத்து, உள்ளங்கையால் பொத்திப் பிடித்து, கத்தி படுவதற்கு முன்பே “ஆச்சு சாமி, ஆச்சு” என்பார். ஒன்றும் ஆகியிருக்காது. இனிமேல்தான் எல்லாம் ஆக வேண்டும். ஆனால் பிள்ளைகள் அதை நம்பி அழுகையைக் கொஞ்சம் நிறுத்தும். அந்த இடைவெளியில் அவர் பாதித் தலையை முடித்துவிடுவார்.

தைப்பூசமும் பங்குனி உத்திரமும் வந்தால் கூட்டம் தாங்காது. செம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு தலை நனைத்துவிடுவது என் வேலை. வளர வளரக் கத்தியும் கைக்கு வந்துவிட்டது. யாரும் சொல்லித் தரவில்லை, பார்த்துப் பார்த்து வந்ததுதான். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. கூட்டம் குறைந்ததும் என் கையிலிருந்து கத்தியை வாங்கி மடக்கி வைத்துவிடுவார்.

ஒரு உத்திரத்தின்போது, வெயிலில் மயங்கி விழுகிற பக்தர்களுக்காகக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு முதலுதவிப் பந்தல் போட்டிருந்தார்கள். அங்கே வெள்ளை உடுப்பில் ஒரு இளைஞர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அப்பாவை “ஏய், இங்க வாய்யா” என்று கூப்பிட்ட அதே ஆட்கள் அவரை சார் என்றார்கள். அன்று வீட்டுக்கு வந்து அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. “அவரு கையில இருக்கறதும் இரும்புதான், என் கையில இருக்கறதும் இரும்புதான். அவரைச் சார்ங்கிறாக.”

அதற்குப் பிறகு அவர் விசாரிக்காத ஆள் இல்லை. மொட்டைக்கு வருகிறவர்களில் படித்தவர் போலத் தெரிந்தால் தலையை நனைத்துக்கொண்டே கேட்பார். மலையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நர்சிங் குரூப் இருக்கிறது, இரண்டு வருஷம் படித்து, கடைசியில் வெளியாள் முன்னால் பிராக்டிகல் செய்து காட்டி நல்ல மார்க் வாங்கினால் நர்சிங் டிரெய்னிங்கில் சேரலாம் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டார். வாங்காவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. கொட்டகையில் அவர் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. அது எனக்கும் தெரியும்.

பஸ் ஏற்றிவிடும்போது சொன்னார். “மலையில நம்மள யாருக்கும் தெரியாது. அப்பா என்ன பண்றாருன்னு கேட்டா, கோயில் வேலைன்னு சொல்லு. பொய்யில்லல்ல.”

இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. பழனிக்கு வந்து தலை குனியாத மலைக்காரன் யார்? பூம்பாறை, பள்ளங்கி, கூக்கால் என்று அந்த மலையில் எந்த வீட்டைத் தட்டினாலும் அப்பாவின் கை பட்ட தலை ஒன்றாவது இருந்திருக்கும். தன் முன்னால் குனிந்த தலைகளை எல்லாம் பார்த்த மனுஷர், அந்தத் தலைகளுக்குக் கண்கள் இருந்ததை மட்டும் மறந்துவிட்டார்.

முதல் வருஷம் எனக்கு நன்றாகவே போனது. ஹாஸ்டல் குளிரில் கம்பளிக்குள் சுருண்டுகொண்டு, ரத்தம் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறது என்று மனப்பாடம் செய்தோமே, அந்தக் காலம். நம் டீச்சர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். பாதி இங்கிலீஷ், பாதித் தமிழ், எப்போதும் கஞ்சி மொடமொடப்போடு ஒரு வெள்ளைச் சேலை. கூடையில் பேரிக்காய் வாங்கி வந்து மேஜையில் கொட்டி, அதில் ஊசி போடக் கற்றுக் கொடுத்தார். மலைப் பேரிக்காய்க்கு மனுஷத் தோலைவிடக் கெட்டித் தோல். நான் வெகு சுத்தமாகப் போடுவேன். மறுநாள் ஊசி பட்ட இடமெல்லாம் பழுப்புப் புள்ளியாகிவிடும். தின்னக் கூடாது என்பார் டீச்சர். நாம் தின்றோம்.

என் அப்பாவைப் பற்றிக் கேட்டீர்கள். கோயில் வேலை என்றேன். குருக்களா என்று ஒருவர் கேட்டபோது இல்லை என்று மட்டும் சொன்னேன்.

இரண்டாம் வருஷம் வார்டுக்கு அனுப்பினார்கள். பள்ளியிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் ஆஸ்பத்திரி. வாரத்துக்கு ஒரு இடம் என்று எல்லாரும் மாறி மாறிப் போக வேண்டும். ஊசி போடும் அறை, புண் கட்டும் அறை, பிரசவ வார்டு. எனக்கு முதல் வாரம் ஆண்கள் வார்டில் டெம்பரேச்சர் பார்க்கும் வேலை.

அங்கேதான் அந்தப் பெரியவர் படுத்திருந்தார். கூக்கால் பக்கத்துப் பூண்டு விவசாயி. குடலிறக்கத்துக்கு மறுநாள் ஆபரேஷன். குரங்குக் குல்லாவும் கம்பளியுமாக இருந்தார், பக்கத்தில் போனாலே பூண்டு வாசம். ஆபரேஷனுக்கு முன்னால் அடிவயிற்றை மழித்துச் சுத்தம் செய்ய வேண்டும் அல்லவா, அதைச் செய்யும் வார்டு ஆள் அடுத்த கட்டிலில் இருந்தவரை ரெண்டு இடத்தில் கீறிவிட்டிருந்தான். பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, கம்பளியை இழுத்துப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். சமாதானம் செய்ய டீச்சர் நம் எல்லாரோடும் வந்து நின்றார். நான் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டு நின்றேன். பெரியவர் என்னையே உற்றுப் பார்த்தார்.

“ஏலே தம்பி, நீ பழனி முடிக்கொட்டகைக்காரரு மகன்தானே? அப்பாரு பக்கத்துல செம்பை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பியே.”

பெரியவர் டீச்சர் பக்கம் திரும்பினார்.

“எங்க வீட்டுப் புள்ளைக அம்புட்டுக்கும் இவுக அப்பாருதான் முடி எறக்குனது. இந்தத் தம்பி செய்யட்டும்மா. வேற ஆளு வேணாம்.”

அவர் சொன்னதில் துளிக்கூட இளக்காரம் இல்லை. சொந்தக்காரனைக் கண்டுகொண்ட சந்தோஷம்தான் இருந்தது. டீச்சர் முகமும் மலர்ந்தது. உனக்குத் தெரியுமா என்று கேட்டார். நீங்கள் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பதில் சொல்வதைவிடச் செய்துவிடுவது சுலபமாக இருந்தது. வெந்நீர் வாங்கி, அந்தக் குளிரில் அவர் தோல் புல்லரிக்காமல் இருக்க உள்ளங்கையை வெந்நீரில் சூடு பண்ணி வயிற்றில் வைத்து, சோப்பு நுரை போட்டு மழித்தேன். பெரியவர் வெட்கத்தில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மூடிக்கொள்ள எனக்குத் துண்டு இல்லை. ஒரு கீறல் கிடையாது. அழகாகச் செய்தேன், அதுதான் என் கெட்ட காலம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் எனக்குக் கத்தி என்று பெயர் வைத்துவிட்டீர்கள். நானும் சிரித்தேன். பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகும் முன்னால் ஹாஸ்டல் குழாயடியில் வரிசையாக உட்கார்ந்து, டேய் கத்தி, எனக்கும் ஒரு கை பாரேன் என்று முகத்தைக் காட்டினீர்கள். உங்களில் எத்தனையோ பேருக்கு முதல் சவரம் என் கையால்தான். பிரியத்தில்தான் கேட்டீர்கள், நானும் பிரியமாகத்தான் செய்தேன். ஆனால் அறைக்கு வந்து கார்பாலிக் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

அதற்குப் பிறகு எனக்கு வாரம் மாறவில்லை. ஆபரேஷன் நாள் வந்தால் அவனைக் கூப்பிடு. அப்பெண்டிக்ஸ் வந்தால் அவனைக் கூப்பிடு. தலையில் அடிபட்டு யாராவது வந்தாலும் தையல் போடும் முன் முடியை எடுக்க அவனைக் கூப்பிடு. ஊசி அறையில் என் முறை வரும் அன்றைக்கென்று பார்த்து யாராவது குடலிறக்கத்தோடு மலைக் கிராமத்திலிருந்து வந்து சேருவார்கள். நீங்கள் ஒவ்வொருவராக ஊசி போட்டுப் பழகிவிட்டு வந்து, சாயங்காலம் அதையே பேசுவீர்கள். யார் தோளில் போட்டது, எந்தக் கிழவி அடித்தாள், யார் ஊசியை நரம்பில் ஏற்றினார் என்று. நான் கேட்டுக்கொண்டிருப்பேன். பெரிய டாக்டர் ஒருநாள் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை. கத்தியும் சோப்பும் வைத்த அந்தத் தட்டோடு என்னை முன்னால் நிறுத்திப் போட்டோ எடுக்கச் சொன்னவரே அவர்தான். நான் பின்வரிசைக்கு நழுவிவிட்டேன். தட்டை மட்டும் கீழே வைக்க இடமில்லை.

ஒருநாள் துணிந்து கேட்டேன். டீச்சர், எனக்கும் இன்ஜெக்‌ஷன் ரூம் போடுங்க, பிராக்டிகல் வருதில்ல என்று. அவர் என் தோளில் கை வைத்தார்.

“இன்ஜெக்‌ஷன் யாரு வேணா கத்துக்கலாம்ப்பா. இது எல்லாருக்கும் வராது. காட்ஸ் கிஃப்ட்.”

நல்ல மனுஷி. எனக்குக் காய்ச்சல் வந்தபோது தன் வீட்டிலிருந்து ரசம் கொண்டுவந்தவர். என்னை உயர்த்துவதாகத்தான் அவர் நினைத்தார். எந்த வேலையிலிருந்து தப்பிக்க அப்பா என்னை மலையேற்றி அனுப்பினாரோ, அதே வேலையை வெள்ளைக் கோட்டுப் போட்டுச் செய்ய வைத்துவிட்டோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அப்போது எனக்கும் அதை இப்படிச் சொல்லத் தெரியாது. அவமானமாக இருந்தது, அவ்வளவுதான். யார் மேல் என்று கேட்டால், ஒரு நாள் அப்பா மேல், ஒரு நாள் அந்தக் கூக்கால் பெரியவர் மேல், பெரும்பாலும் என் கை மேல்.

பிராக்டிகல் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊசி போடச் சொன்னால் என்ன செய்வேன்? பேரிக்காய் மட்டும்தானே தெரியும். டீச்சரும் அதை யோசித்திருக்கிறார். ஆனால் அவருடைய வழியில். கீழேயிருந்து வந்த தேர்வாளரிடம் என்னைப் பற்றி முன்கூட்டியே சொல்லி, ஆபரேஷனுக்கு நோயாளியைத் தயார் செய்வது என்பதையே எனக்குத் தேர்வாகக் கொடுக்க வைத்துவிட்டார். பாடத்தில் இருக்கிற ஒன்றுதான், தப்பில்லை. நீங்கள் ஒவ்வொருவரும் சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தீர்கள். பள்ளங்கிப் பெண் மருந்தைக் கீழே சிந்திவிட்டு அழுதது ஞாபகம் இருக்கிறதா? நான் தண்ணீர் பட்டபாடாக முடித்துவிட்டு வந்தேன். தேர்வாளர் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு முழு மார்க் போட்டார்.

பள்ளியின் கடைசி விழாவுக்கு அப்பா வந்தார். சலவைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, கையில் ஒரு பெரிய பஞ்சாமிர்த டின். மகன் பிராக்டிகலில் முதல் என்று மட்டும்தான் நான் கடிதத்தில் எழுதியிருந்தேன். முன் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். டீச்சர் மைக்கில் என்னைக் கூப்பிட்டு, இந்தப் பையன் இல்லாமல் இந்த வருஷம் ஆஸ்பத்திரியில் ஒரு ஆபரேஷன்கூட நடக்கவில்லை என்றார். அப்பாவின் முகம் எப்படி விரிந்தது என்று நான் மேடையிலிருந்து பார்த்தேன். அதோடு டீச்சர் நிறுத்தியிருக்கலாம்.

இறங்கி வந்து அப்பாவிடமும் சொன்னார். “உங்க கை அப்படியே இவனுக்கு வந்திருக்குங்க. எத்தனை பேருக்கு ஷேவ் பண்ணிருக்கான் தெரியுமா? ஒரு கட் கிடையாது.”

அப்பாவுக்கு உடனே புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் டின்னைப் பார்த்தேன். அவர் மெதுவாகக் கைகூப்பினார். “சந்தோசம்ங்க டீச்சர். எல்லாம் உங்க புண்ணியம்” என்றார். கொட்டகையில் பெரிய மனுஷர்கள் முன்னால் கூப்புகிற அதே கும்பிடு. பிறகு நீங்கள் எல்லாரும் வந்து பஞ்சாமிர்தம் நக்கினீர்கள். கத்தியோட அப்பா என்று யாரோ மெதுவாகச் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. விழவில்லை என்றே இத்தனை வருஷமும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். காலி டின் மடியில். பெருமாள் மலை தாண்டி வளைவுகளில் இறங்க இறங்கக் குளிர் விட்டு, கீழேயிருந்து அனல் காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கியது. அப்போதுதான் கேட்டார். “ஊசி போடச் சொல்லிக் குடுத்தாகளா?”

“பேரிக்காயில போட்டிருக்கேம்ப்பா.”

“ஆளுக்கு?”

“இல்லப்பா.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடிவாரம் வந்து, தூரத்தில் கோயில் மலை தெரிந்ததும் வழக்கம்போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வீட்டுக்குள் நுழையும்போது, “நாளைக்கு வெள்ளனே எந்திரி. ஒரு சோலி கெடக்கு” என்றார். விஷயம் முடிந்துவிட்டது, கொட்டகைக்குத்தான் கூட்டிப் போகப் போகிறார் என்று நினைத்தேன்.

அந்த மார்க்கை வைத்துத்தான் எனக்கு நர்சிங் டிரெய்னிங்கில் இடம் கிடைத்தது என்பது உங்களுக்குத் தெரியும். கத்தி வாங்கிக் கொடுத்த இடம் அது, என்ன சொல்லி மறைப்பது. அப்புறம் திண்டுக்கல் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் ரிட்டயர் ஆகும்வரை இருந்தேன். எத்தனையோ ஆயிரம் ஊசி போட்டிருப்பேன். இப்போதெல்லாம் ஆபரேஷனுக்கு முன்னால் கத்தியே வைக்கக் கூடாது என்று மெஷின் வந்துவிட்டது. என்னையும் சார் என்று கூப்பிட்டார்கள். அப்பா அதைக் கேட்டார், ஆஸ்பத்திரி வாசலில் நின்று, ஒருமுறைக்கு இருமுறை. எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. ஆனால் முதல் ஊசி எங்கே போட்டாய் என்று புதிதாக வருகிற பிள்ளைகள் கேட்டால் மட்டும் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

விழாவுக்குப் போய் வந்த மறுநாள் காலை நான் எழுந்தபோது அப்பா கொட்டகைக்குப் போகவில்லை. மெடிக்கலில் போய் ஒரு சத்து ஊசி மருந்தும், சிரிஞ்சும், பஞ்சும், சின்ன பாட்டிலில் ஸ்பிரிட்டும் வாங்கி வந்திருந்தார். கடைக்காரரிடம் என்ன சொல்லி வாங்கினாரோ. முற்றத்தில் பலகையைப் போட்டுச் சட்டமாக உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தலை தானாகக் குனிந்துவிட்டது. பலகையில் உட்காருகிற எல்லாரும் குனிவதைக் காலமெல்லாம் பார்த்த பழக்கம். பிறகு ஞாபகம் வந்து நிமிர்ந்து, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி இடது பக்கத்தைக் காட்டினார்.

“இதுல போடு. வலது வேணாம், நாளைக்கு வேலைக்குப் போகணும்.”

முழங்கை வரைக்கும் கறுத்து, தண்ணீரில் ஊறி ஊறிச் சுருங்கிய கை. தோள் மட்டும் வெயில் காணாமல் குழந்தைத் தோள் போல வெளுப்பாக இருந்தது. அம்மா கதவோரம் நின்றாள். நான் மருந்துக் குப்பியை உடைத்தேன். மருந்தை ஏற்றினேன். காற்றை வெளியே விட்டேன். அதுவரை எல்லாம் சரியாகத்தான் வந்தது. பஞ்சால் துடைத்துவிட்டு ஊசியைப் பக்கத்தில் கொண்டுபோனபோது கை ஆட ஆரம்பித்தது. பேரிக்காய் மூச்சு விடாது. அப்பா மூச்சு விட்டார். தோள் ஏறி இறங்கியது.

எத்தனை வயிற்றில் கத்தி வைத்தும் ஒருநாளும் நடுங்காத கை, அன்று அந்த மனுஷர் முன்னால் நடுங்கியது. முழு மார்க் வாங்கிய கை. பள்ளிக்கூடத்துக்கே அப்பாவைப் பஞ்சாமிர்தம் கொடுக்க வைத்த கை. வெட்கத்தில் எனக்குக் கண் மறைத்தது. என்னால் முடியாதுப்பா என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. அவர் நடுக்கத்தைப் பார்த்திருக்க வேண்டியதில்லை, ஸ்பிரிட் பஞ்சு பிடித்த என் விரல்கள் தோளில் பட்டதிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டார். ஊசி இன்னும் தோலைத் தொடவே இல்லை.

“ஆச்சு சாமி” என்றார் அப்பா. “ஆச்சு.”